முந்தைய பதிவுக்கு ஒரு மறுப்புரை



சென்ற டிசம்பர் இறுதியில் இதே பக்கத்தில் ஒரு நீண்ட பதிவு எழுதியிருந்தேன். எங்கள் பழைய காரின் த்ராட்டில் பாடியை வீட்டு மொட்டைமாடியில் வைத்துக் கழற்றி, அதன் உட்புறத்தை அரைத்து வழவழப்பாக்கியதால் எஞ்சினின் இழுவை கண்கூடாக உயர்ந்தது என்பதே அதன் சாரம். பலர் பாராட்டினீர்கள். எந்த எண் உப்புத்தாள், எத்தனை மணி நேரம் என்றெல்லாம் தனிச்செய்தியில் கேட்டவர்களும் உண்டு. அப்பதிவில் நான் கூறிய முடிவைத் திரும்பப் பெறுகிறேன். பதிவை நீக்கவில்லை, அதன் தலைப்பகுதியில் இந்த மறுப்புரைக்கான இணைப்பைச் சேர்த்திருக்கிறேன். பிழையை மறைப்பதைவிடப் பிழைக்கு அருகில் திருத்தத்தை வைப்பதே முறை என்று நம் துறையில் சொல்லிக்கொடுக்கிறோம். அதை எனக்கும் பொருத்திக்கொள்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு சித்தூரில். நான் திருப்பதியில் தங்கி, பாய்மங்களின் ஓட்டம் குறித்து ஆய்வு செய்கிறேன். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் வரை இரண்டும் ஒரே மாவட்டம். கார் அப்பாவுடையது: 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின். ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து ஒரு கம்பி நேராகச் சென்று காற்றுவழியைத் திறக்கும் பழைய வகை. அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் பணிக்காலத்தில் பல ஆண்டுகள் திருமலை மலைப்பாதையிலும் பேருந்து ஓட்டியவர். இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

பிற துறை நண்பர்களுக்காக ஒரு விளக்கம். எஞ்சினுக்குச் செல்லும் காற்று முதலில் வடிகட்டியைக் கடந்து, பிறகு த்ராட்டில் பாடி என்னும் அலுமினிய வார்ப்பின் வழியாக உள்ளே போகிறது. அதன் துளைக்குள் ஒரு தண்டில் பொருத்தப்பட்ட வட்டத் தகடு இருக்கும். மெக்கானிக்குகள் அதைப் பட்டர்ஃபிளை என்பார்கள். மிதியை அழுத்தினால் தகடு சாய்ந்து வழிவிடும். விட்டால் மூடிக்கொள்ளும். பெட்ரோல் இங்கே சேர்வதில்லை. அது பின்னால், சிலிண்டரின் வாயிலில் தெளிக்கப்படுகிறது. ஆக, த்ராட்டில் பாடி என்பது காற்றுக்கான ஒரு கதவு மட்டுமே.

எங்கள் காரின் துளை, தகடு அமரும் இடத்தில் சுமார் 46 மில்லிமீட்டர். அதற்கு மேலே வார்ப்பின் மேடு ஒன்று படிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. காற்று அதில் மோதிச் சுழலும், அதை நீக்கினால் எஞ்சின் நன்றாகச் சுவாசிக்கும் என்பது என் வாதம். பாய்ம இயக்கவியல் படித்தவன் என்ற உரிமையில் அதை மிகுந்த உறுதியோடு எழுதியிருந்தேன். கை டிரில்லின் நுனியில் உப்புத்தாளைச் சுருட்டிப் பொருத்தி, 120, 220, 400 என்று படிப்படியாக இரண்டு இரவுகள் அரைத்தேன். தகடு அமரும் வளையத்தைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதற்காகவே அவ்விடத்தில் டேப் ஒட்டியிருந்தேன். இரண்டாம் இரவு டேப் ஒரு பக்கம் கிழிந்திருந்ததைக் காலையில்தான் பார்த்தேன்.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, தகட்டை மீண்டும் பொருத்தி, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். தகட்டின் ஓரத்தில் பிறைபோல ஒரு மெல்லிய ஒளிக்கீற்று தெரிந்தது. முன்பு அது இருந்ததில்லை. 'மயிரிழைதானே, எஞ்சினின் கணினி பழகிக்கொள்ளும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பொருத்திவிட்டேன். வண்டியைக் கிளப்பியதும் 800 சுற்றில் நிற்க வேண்டிய ஐட்லிங் 1,200-இல் நின்றது. இந்த இரண்டு செய்திகளையும் டிசம்பர் பதிவில் நான் எழுதவில்லை. மறந்து விடவில்லை. எழுதினால் கதையின் அழகு கெடும் என்று தோன்றியது. இந்த மறுப்புரையின் மையமே இந்த ஒப்புதல்தான். மற்றவையெல்லாம் அதன் விளைவுகள்.

முன், பின் என்று இரண்டு சோதனைகள் செய்து நேரக்கணக்குக் கொடுத்திருந்தேனே என்று கேட்பீர்கள். மூன்றாம் கீரில் 40-இலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் நேரம் அது. 'முன்' சோதனை ஓர் அக்டோபர் நண்பகலில், ஏசி ஓட, இரண்டு நண்பர்கள் உடன் அமர்ந்திருக்க நடந்தது. 'பின்' சோதனை டிசம்பர் விடியற்காலையில், ஏசி இல்லாமல், நான் மட்டும் தனியாக ஓட்டியது. வெப்பநிலை 34 பாகையிலிருந்து 20-க்கு இறங்கினாலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 விழுக்காடு கூடும். ஏசி கம்ப்ரசர் எஞ்சினின் ஆற்றலில் சில விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். இரண்டு ஆள்கள் இறங்கினால் வண்டியின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். என் முதலாண்டு மாணவர் இப்படியொரு ஆய்வக அறிக்கையைக் கொண்டுவந்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மை போட்டிருப்பேன்.

இனி, இதை எழுத வைத்த நாளுக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் அக்காவின் குழந்தைக்கு முடி காணிக்கை செலுத்தத் திருமலை சென்றோம். அப்பா, அம்மா, அக்கா, ஒரு வயதுக் குழந்தை, நான். வண்டியை நான் ஓட்டினேன். திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. 1944-இல் திறந்த பழைய பாதை இப்போது இறங்குவதற்கு. 1974-இல் வந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கு. ஏறும்போது வண்டி மிதியைத் தொட்டவுடன் துள்ளியது. 'பார்த்தீர்களா' என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுற்றளவு மானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் இறங்கத் தொடங்கினோம். மலையில் இறங்கும் ஓட்டுநர் பிரேக்கை நம்புவதில்லை. கீரைக் குறைத்து எஞ்சினையே தடையாக்கிக்கொள்வார். மிதியிலிருந்து கால் எடுத்ததும் பட்டர்ஃபிளை மூடிக்கொள்கிறது. மூடிய கதவுக்கு எதிராக நான்கு பிஸ்டன்களும் காற்றை இழுக்கப் போராடுகின்றன. அந்தப் போராட்டமே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கதவு சரியாக மூடவில்லை என்றால் அந்தப் பிடிப்பு தளரும். நான் இரண்டாம் கீரில் இறக்கினேன். வண்டி நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தேன். ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் கடந்திருப்போம். பிரேக் மிதி முன்னைவிட ஆழமாக இறங்கியது. கருகிய வாடை உள்ளே வந்தது. அம்மா அதை வெளியே யாரோ குப்பை கொளுத்துவதாக நினைத்தாள்.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "கீரு புடிக்கலடா. யாரோ பின்னாலேர்ந்து தள்ற மாதிரி போவுது. அந்த அகலமான எடத்துல ஓரங்கட்டு" என்றார்.

ஓரங்கட்டினேன். இறங்கிப் பார்த்தபோது முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிழலில் நின்றாள். அதன் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் முழுதாகக் காயவில்லை. அரைமணி நேரம் யாரும் அதிகம் பேசவில்லை. பிறகு அப்பா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, முதல் கீரிலேயே, நடை வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக அலிபிரி வரை இறக்கினார். இறங்கும் வண்டிகளுக்குக் குறைந்தபட்ச நேரம் விதித்திருப்பதை நான் அதுவரை வெறும் சட்டச் சடங்காக நினைத்திருந்தேன்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆள்களோடு வண்டியின் எடை சுமார் 1,400 கிலோ. இறங்கும் உயரம் சுமார் 700 மீட்டர். இரண்டையும் புவியீர்ப்போடு பெருக்கினால் ஏறக்குறைய 96 லட்சம் ஜூல். 30 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் சக்கர உராய்வும் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட வேண்டும். எஞ்சினின் பங்கை நான் உப்புத்தாளால் தேய்த்துக் குறைத்திருந்தேன்.

அலிபிரியில் அப்பா கேட்டார்: "அதுல என்ன செஞ்ச?" எல்லாவற்றையும் சொன்னேன், ஒளிக்கீற்று உட்பட. அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "தெரிஞ்சும் மாட்டுனியா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

மறுவாரம் சித்தூரில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே பாதிப் பேச்சு தமிழிலும் பாதி தெலுங்கிலும் நடக்கும். அந்த ஊரின் இயல்பு அது. மெக்கானிக் அண்ணன் த்ராட்டில் பாடியைக் கழற்றி, தகட்டை மூடி, வெயிலுக்கு நேரே பிடித்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். "இந்தச் சந்துல எவ்ளோ காத்து போவும்னு நீதான் படிச்சவன், நீயே சொல்லு தம்பி" என்றார். ஏளனம் இல்லை, உண்மையிலேயே கேட்டார். அங்கேயே, எண்ணெய்க்கறை படிந்த ஒரு பில் தாளின் பின்புறத்தில் கணக்கிட்டேன்.

46 மில்லிமீட்டர் தகட்டைச் சுற்றி 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அதன் மொத்தப் பரப்பு சுமார் 14.5 சதுர மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான விட்டமுடைய ஒரு துளைக்கு அது சமம். ஐட்லிங்கில் தகட்டுக்குக் கீழே அழுத்தம் மிகக் குறைவு. ஆகவே அந்தச் சந்தில் காற்று ஏறக்குறைய ஒலியின் வேகத்தில் பாயும். அப்படிப் பாய்ந்தால் நொடிக்கு இரண்டரை முதல் மூன்று கிராம் காற்று உள்ளே போகும். 1.3 லிட்டர் எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கத் தேவையான மொத்தக் காற்றும் ஏறக்குறைய அவ்வளவுதான். நான் மயிரிழை என்று ஒதுக்கியது எஞ்சினின் முழு ஓய்வுநிலைச் சுவாசத்துக்கு இணையானது. ஐட்லிங் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கணினி முழுதாக மூடிவிட்டது. அதற்கு மேல் பழகிக்கொள்ள அதனிடம் எதுவும் மிச்சமில்லை.

பழைய சாமான் கடையில் அதே மாதிரியில் அரைக்கப்படாத ஒரு த்ராட்டில் பாடி கிடைத்தது. பொருத்தியதும் ஐட்லிங் 800-க்கு வந்தது. இப்போது என்னிடம் இரண்டு இருந்தன: அரைத்தது ஒன்று, அரைக்காதது ஒன்று. முதல் முறை செய்யத் தவறிய சோதனையைச் செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

ஒரே விடியற்காலை, ஒரே வெறிச்சோடிய சாலைத்துண்டு, இரு திசைகளிலும், ஒரே ஆள், ஏசி இல்லாமல். அரைத்தது, அரைக்காதது, மீண்டும் அரைத்தது என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஓட்டங்கள். ஆய்வக நண்பர் ஒருவர் எதைப் பொருத்தினார் என்பதை என்னிடம் சொல்லாமல் பொருத்தினார். ஆயினும் ஐட்லிங் சத்தமே அதைக் காட்டிக்கொடுத்ததால் இதை முழுமையான மறைசோதனை என்று சொல்ல மாட்டேன். முழு மிதியில், சராசரிகளுக்கு இடையே இருந்த வேறுபாடு பத்தில் ஒரு நொடிகூட இல்லை. ஒரே பாடியை வைத்துச் செய்த ஐந்து ஓட்டங்களுக்குள்ளேயே அரை நொடி ஏற்ற இறக்கம் இருந்தது. ஆக, என் முறையால் அளக்கத்தக்க ஆதாயம் எதுவும் இல்லை.

கோட்பாடும் அதையே சொல்கிறது. அரைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். 6,000 சுற்றில் இந்த எஞ்சின் நொடிக்குச் சுமார் 55 லிட்டர் காற்றை இழுக்கும். 46 மில்லிமீட்டர் துளையில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 33 மீட்டர். அந்த வேகத்துக்குரிய இயக்க அழுத்தம் சுமார் 650 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. துளை முழுவதையும் 48 மில்லிமீட்டர் ஆக்கிவிட்டதாக வைத்துக்கொண்டாலும் மிச்சமாவது சுமார் 100 பாஸ்கல். ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 கிலோவாட் எஞ்சினில் அது 60 வாட். ஒரு சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரத்துக்கும் குறைவு. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும்போது காற்று மெலிவதால் மட்டுமே அடர்த்தியில் ஆறேழு விழுக்காடு குறைகிறது. நான் இரண்டு இரவுகளில் சேர்த்ததாக நம்பியதைப்போல அறுபது, எழுபது மடங்கை மலை எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் வண்டி துள்ளியது பொய்யா? இல்லை. துள்ளல் உண்மை, அதற்கு நான் கற்பித்த காரணம் தவறு. தகடு சிறிதளவே திறந்திருக்கும்போது காற்றுவழி மிகக் குறுகலாக இருக்கும். மூடிய நிலையிலிருந்து 20 பாகை வரை சாய்ந்தாலும் திறக்கும் பரப்பு முழுப்பரப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அந்த இடத்தில் தகட்டின் ஓரத்தைச் சுற்றிச் சற்றே தேய்ந்திருந்தாலும், அதே மிதிக்கு முன்னைவிட அதிகக் காற்று நுழையும். முன்பு மிதியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியிருந்தால் கிடைத்திருக்கும் அதே ஆற்றல்தான் இப்போது சற்று முன்னதாகக் கிடைத்தது. எஞ்சின் மாறவில்லை, மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையிலான கணக்கே மாறியது. இன்னொன்றும் உண்டு: அரைத்த பிறகு நான் கழுவி எடுத்ததில் பல ஆண்டுக் கரிப்படிவும் போனது. அந்தத் தூய்மைக்குரிய பெருமையையும் உப்புத்தாளுக்கே கொடுத்துவிட்டேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. கார்புரேட்டர் காலத்தில் காற்றுவழியின் குறுகல் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. 1797-இல் வெஞ்சுரி எழுதி வெளியிட்ட குறுகுகுழாய் ஆய்வின் தத்துவப்படி, அக்குறுகலில் அழுத்தம் குறைந்தால்தான் பெட்ரோல் மேலே உறிஞ்சப்படும். அங்கே தொண்டையைப் பெரிதாக்கினால் உயர்வேகத்தில் ஆதாயம் இருந்தது, தாழ்வேகத்தில் நட்டம் இருந்தது. சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டிய தலைமுறை அந்தக் கணக்கை அறிந்தே தொண்டையைத் தொட்டது. பெட்ரோல் தெளிப்பு முறை வந்தபின் குறுகலுக்கு அந்த வேலை இல்லை. ஆனால் 'பெரிதாக்கினால் பிக்கப் கூடும்' என்ற சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிக்கு வண்டி கட்டும் மாணவர்கள் இதற்கு நேர் எதிரான நிலையை அறிவார்கள். அங்கே பெட்ரோல் எஞ்சினின் முழுக் காற்றும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகவே போக வேண்டும் என்பது விதி. அதன் உச்ச எல்லை நொடிக்குச் சுமார் 74 கிராம். எங்கள் கார் 6,000 சுற்றில் கேட்பதோ ஏறக்குறைய 66 கிராம். தொண்டை உண்மையிலேயே நெரிப்பது எப்படி இருக்கும் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் காரின் 46 மில்லிமீட்டர் துளை நெரிக்கவே இல்லை.

என் பதிவைப் பார்த்து ஏற்கெனவே அரைத்துவிட்டதாக இருவர் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். தகட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒளி வளையமோ பிறையோ தெரிந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். எஞ்சின் நன்கு சூடான பிறகு ஐட்லிங் முன்பிருந்த அளவுக்கு இறங்குகிறதா என்று கவனியுங்கள். தகட்டைத் தண்டோடு பிணைக்கும் இரண்டு சிறு திருகுகள் கழலாதபடி பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவற்றில் ஒன்று விழுந்தாலும் நேரே சிலிண்டருக்குள் போகும். அதுவரை மலைப்பாதையில் குடும்பத்தோடு செல்லாதீர்கள். இனி செய்யவிருப்பவர்களுக்கு: கரியைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

ஆய்வு நெறி பற்றி ஒவ்வோர் ஆண்டும் கட்டாய வகுப்பில் அமர்ந்திருக்கிறேன். தரவைப் புனைவது குற்றம் என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. நான் எதையும் புனையவும் இல்லை. தெரிந்த இரண்டு வரிகளை எழுதாமல் விட்டேன், அவ்வளவே. அந்த இரண்டு வரிகள் இருந்திருந்தால் டிசம்பரிலேயே உங்களில் ஒருவர் 'ஐட்லிங் ஏன் ஏறியது?' என்று கேட்டிருப்பீர்கள். பிப்ரவரியில் நாங்கள் அந்த வளைவில் நின்றிருக்க மாட்டோம்.

அப்பா இப்போதும் நான் ஓட்டும் காரில் ஏறுகிறார். ஆனால் கிளம்புமுன், "ஸ்லோ எவ்ளோல நிக்குது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். நான் மானியைப் பார்த்து எண்ணைச் சொல்கிறேன். அவரும் எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.